பத்த வைக்கிற வேலை

குருன்னா தாடி இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. இந்தக் கதையில வர்ற குருவுக்கு வயசு முப்பத்தொண்ணு. பேரு ஜெசிந்தா. கோயமுத்தூர் கணபதியில ஒரு மாவு மில்லுக்கு மேல, ரெண்டாவது மாடியில வாடகை வீடு. ஆசிரமம்னு எதையாவது சொல்லியே ஆகணும்னா அந்த வீட்டு ஹாலைத்தான் சொல்லணும்.

ஹால் நடுவுல ஒரு மேஜை. மேஜை மேல லென்ஸ் வச்ச விளக்கு. சுவத்தோரமா, வயித்தைத் திறந்து போட்ட மாதிரி வீடியோ கேம் பொட்டிங்க. டிவியில மாட்டி விளையாடுவாங்களே, அந்தப் பொட்டி. படம் வராதது, பாதி ஆட்டத்துல அணைஞ்சு போறது, உள்ள கரப்பான் குடும்பம் குட்டியோட குடியேறினதுன்னு எங்கெங்கிருந்தோ வந்து சேரும். ஜெசிந்தா சரி பண்ணி அனுப்புவாங்க.

சிஷ்யன் பேரு குணசீலன். வயசு நாப்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷம் டிவி மெக்கானிக். டிவி தட்டையானதுல இருந்து கடையில ஈ ஓட்டி, அப்புறம் இடத்தைச் செருப்புக் கடைக்கு விட்டுட்டு, இந்த வேலையைக் கத்துக்கலாம்னு படியேறி வந்தவர். சிஷ்யன் குருவை விடப் பதினேழு வயசு பெரியவர். அதனால குரு சிஷ்யனை "அண்ணா"ம்பாங்க. சிஷ்யன் குருவை "டீச்சர்"ம்பார்.

எட்டு மாசமா அவருக்குக் குடுத்த வேலை மூணு. பொட்டியைத் திறக்கணும். தூசி தட்டணும். மூடணும்.

திறக்குறதுக்கு ஜெசிந்தா ஒரு முறை வச்சிருந்தாங்க. ஒரு வெள்ளைத் தாள்ல பொட்டியோட படத்தை வரைஞ்சு, எந்தக் குழியில இருந்து ஸ்க்ரூ கழட்டுறோமோ, படத்துல அதே புள்ளி மேல அந்த ஸ்க்ரூவை வைக்கணும். அதுக்குப் பேரு கோலம்.

"டீச்சர், நான் ஆயிரம் டிவி கழட்டியிருக்கேன். எல்லா ஸ்க்ரூவையும் ஒரு மூடியில போட்டு, அள்ளி மாட்டுவோம். கோலமெல்லாம் போட்டதில்ல" அப்படின்னார் குணசீலன், மொத நாளு.

"டிவியில எல்லாம் ஒரே நீளம்ணா. இதுல நெட்டை இருக்கு, குட்டை இருக்கு. இடம் மாறக் கூடாது."

அவரும் கோலம் போட்டார். ஆனா மனசெல்லாம் அந்த அயர்ன் மேலதான். ஈயத்தை உருக்கிப் பத்த வைக்கிற அயர்ன். பேனா மாதிரி மெலிசா, மேஜையோட வலது பக்கம், அதோட ஸ்டேண்டுல சாஞ்சு நிக்கும். திங்கக்கிழமை தவறாம கேப்பார்.

"டீச்சர், அயர்ன் எப்பக் குடுப்பீங்க?"

"சூடு ஆறட்டும்ணா."

அயர்ன் ஆறுறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும். எட்டு மாசம் எதுக்குன்னு அவருக்குப் புரியல. கேக்கவும் கௌரவம் இடம் குடுக்கல.

ஒன்பதாவது மாசம் பார்கவி வந்து சேர்ந்துச்சு.

முப்பத்திநாலு வயசுப் பொண்ணு. நகைப் பட்டறையில பன்னெண்டு வருஷம் சங்கிலிக்குக் கண்ணி கோத்துப் பத்த வச்ச கை. பட்டறை ஊருக்கு வெளிய மாறிப் போனதுல, பஸ் ரெண்டு மாறிப் போக முடியாம இங்க வந்துச்சு. வர்றப்பவே கையோட சொந்தச் சாமணம் ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. தட்டார் வேலைக்குப் பொடிசைப் பிடிக்கிற இடுக்கி. அதை ஒரு துணிப் பையில வச்சு, ஏதோ கல்யாண நகை மாதிரி எடுத்து மேஜை மேல வச்சுச்சு.

"டீச்சர், இது இல்லாம எனக்குக் கை ஓடாதுங்க."

ஏழாவது நாள், ஜெசிந்தா அயர்னை எடுத்து அந்தப் பொண்ணு கையில குடுத்தாங்க.

குணசீலன் அப்ப ஒரு பொட்டிக்குள்ள தூசி ஊதிட்டு இருந்தார். ஊதின தூசி முழுக்க அவர் மூக்குக்கே திரும்பி வந்துச்சு.

அன்னிக்கு வீட்டுல சம்சாரம் லோகநாயகி கேட்டாங்க. "என்னங்க, வந்ததுல இருந்து வயித்தைத் தடவிக்கிட்டே இருக்கீங்க?"

"எரியுது."

"வெளிய ஏதாச்சும் தின்னீங்களா?"

"ஒண்ணும் திங்கல."

"அப்ப எரியாதே" அப்படின்னு சொல்லிட்டு அவங்க மோரைக் கலக்கிக் குடுத்தாங்க. மோர் நல்லாத்தான் இருந்துச்சு. எரிச்சல் அப்படியே இருந்துச்சு.

மூணு வாரம் போச்சு. ஒரு வியாழக்கிழமை தெய்வநாயகம்னு ஒரு பெரியவர் பொட்டியைத் துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்தார். பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவர். வயசு அறுபத்தாறு.

"பேரனோடதுங்களா?" அப்படின்னார் குணசீலன்.

"என்னோடது" அப்படின்னார் அவர், கொஞ்சம் ரோஷமா. "எம்பையன் கனடாவுல இருக்கான். போன் பண்ணா ரெண்டே கேள்வி. சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. வச்சிருவான். இதுல ரெண்டு பேரும் புட்பால் ஆடுறப்பத்தான், 'யோவ் அப்பா, பந்தைக் குடுய்யா'ன்னு வாய் நிறையப் பேசுறான். ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு எங்களுக்கு மேட்ச். அதை விட்டா அவனுக்கு ஷிப்ட் மாறுது, ரெண்டு மாசம் கிடையாது. படமே வர மாட்டேங்குது. பாத்துக் குடும்மா."

டிவி வயர் சொருகுற இடம் உள்ள நசுங்கியிருந்துச்சு. அதை எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். குணசீலன் கோலம் போட்டுத் திறந்தார், தூசி தட்டினார், நகர்ந்துக்கிட்டார். பார்கவி உக்காந்துச்சு. அரிசிக் குருணை அளவு காலுங்க பத்தொன்பது. ஒவ்வொண்ணா பத்த வச்சுச்சு. ஜெசிந்தா லென்ஸ்ல குனிஞ்சு பாத்தாங்க. டிவியில மாட்டினாங்க. படம் பளிச்சுன்னு வந்துச்சு.

"அழகு" அப்படின்னாங்க ஜெசிந்தா.

இத்தனை மாசத்துல குணசீலன் எத்தனையோ பொட்டி திறந்து மூடியிருக்கார். "சரிங்ணா" கேட்டிருக்கார். "போதும்ணா" கேட்டிருக்கார். அழகு கேட்டதில்ல.

அவர் முன்னாடி பொட்டி, பக்கத்துல கோலம். கையி தானா நீண்டு, அந்தக் காலத்துல டிவிக்கு அள்ளுற மாதிரி தாள்ல இருந்த ஸ்க்ரூவையெல்லாம் ஒரே அள்ளா அள்ளுச்சு. கண்ணு பார்கவி மேல. கையி ஸ்க்ரூ மேல. மூடிட்டார். மூடினப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாக்கணும்ங்கிறது டீச்சர் வச்ச முறை. பஸ் வந்துரும்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். அவர் வீட்டுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கு.

சாயங்காலம் தெய்வநாயகம் வந்து பொட்டியை வாங்கிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு அதே துண்டுல சுத்தித் திரும்பக் கொண்டு வந்தார்.

"வீட்டுல மாட்டினா வரலம்மா. நாளைக்கு மேட்ச்."

"அஞ்சு மணிக்கு வாங்க சார்" அப்படின்னாங்க ஜெசிந்தா.

அவர் படியிறங்கிப் போனார். பார்கவி டீ வாங்கக் கீழ போயிருந்துச்சு. குணசீலனுக்கு வயித்துல மூணு வாரமா எரிஞ்சது சட்டுனு ஆறுச்சு. ஜில்லுன்னு இருந்துச்சு. நாக்காலியை மேஜைகிட்ட இழுத்துப் போட்டார்.

"நான் ஒண்ணும் குறை சொல்லலைங்க டீச்சர்."

ஜெசிந்தா துண்டைப் பிரிச்சுட்டு இருந்தாங்க.

"நல்ல பொண்ணுதான். அதுல சந்தேகமில்ல. ஆனா நகை வேற, போர்டு வேற இல்லைங்களா? அன்னிக்கே பாத்தேன். ஈயத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்துச்சு. இவ்வளவு சிக்கனமா வைக்குதேன்னு நினைச்சேன். சொன்னா, பெரியவன் பொறாமையில பேசுறான்னு ஆயிரும். நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

"ம்."

"நடுவுல ஒரு போன் வேற வந்துச்சு அதுக்கு. எடுக்கல. ஆனா கவனம்னு ஒண்ணு இருக்கில்லைங்க. பெரியவர் பாவம். மகன்கிட்டப் பேசுறதே அதுலதானாம். உங்க பேரும் கெடுது பாருங்க."

"அப்படிங்களா."

பத்த வைக்கிறதுங்கிற வார்த்தைக்கு நம்ம ஊர்ல வேலை ஜாஸ்தி. அடுப்பு மூட்டினாலும் பத்த வைக்கிறது. ஈயம் உருக்கி ஒட்டினாலும் பத்த வைக்கிறது. ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட இப்படி உக்காந்து பேசினாலும் பத்த வைக்கிறது. மூணாவதுக்கு மட்டும் அயர்ன் தேவையில்ல.

ஜெசிந்தா புதுத் தாளை விரிச்சுக் கோலம் வரைஞ்சாங்க. மொத ஸ்க்ரூவைக் கழட்டிப் புள்ளி மேல வச்சாங்க. ரெண்டாவதைத் திருப்பினாங்க. நாலு சுத்து சுத்தினாங்க. நிறுத்தினாங்க.

"அண்ணா, அடுப்புல குக்கர் வச்சிருக்கேன். மீதியை நீங்க கழட்டுங்க."

எழுந்து உள்ள போயிட்டாங்க. குணசீலன் ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் திருப்பினார்.

ரெண்டாவது குழி குட்டையோட இடம். நாலு சுத்துல வந்துரணும். அஞ்சு, ஆறு, ஏழு ஆச்சு. வரல. எட்டாவது சுத்துல வெளிய வந்துச்சு.

நெட்டை.

மீதி ஸ்க்ரூவையும் கழட்டி ஓரமா வச்சுட்டு, விளக்கைக் கிட்ட இழுத்து, மேல்மூடியைத் தூக்கிட்டு, லென்ஸ்ல பாத்தார். ஸ்க்ரூ முனை போர்டுல இறங்கி, தலைமுடி கணக்கா ஓடுற ஒரு செம்புக் கோட்டை அறுத்திருந்துச்சு. அதுக்கு அரை அங்குலம் தள்ளி, பார்கவி வச்ச பத்தொன்பது ஈயமும் கொண்டக்கடலையை வரிசை வச்ச மாதிரி உருண்டையா, வழவழன்னு, ஒண்ணுக்கும் ஒரு குறை இல்லாம இருந்துச்சு.

நெட்டை அவர் உள்ளங்கையில இருந்துச்சு. கோலத்துல நெட்டையோட புள்ளி ரெண்டு விரக்கடை தூரத்துல. அங்க வச்சுட்டா முடிஞ்சது. எந்தக் குழியில இருந்து வந்துச்சுன்னு ஸ்க்ரூ சொல்லப் போறதில்ல.

படியில செருப்புச் சத்தம். விரலை மூடிக்கிட்டார்.

பார்கவி டீத் தூக்கோட வந்துச்சு. பொட்டியைப் பாத்ததும் நின்னுருச்சு.

"அண்ணா, இது நான் பண்ணதுதானுங்ளே?"

"ம்."

"திரும்பி வந்துருச்சுங்ளா?"

"ம்."

அந்தப் பொண்ணு தூக்கைக் கீழ வச்சுட்டுத் தரையிலயே உக்காந்துருச்சு.

"ஈயம் கம்மியா வச்சுட்டேன் போலிருக்குங்ணா. பட்டறையில நகைக்கு ஈயத்துக்குப் பதிலா பொடி வச்சுத்தான் பத்த வைப்போம். பொடி கம்மியானா ஒரு நாள் நிக்கும், மறுநாள் விட்டுரும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இப்படிப் பண்ணிட்டேன்."

குணசீலன் விரலை இன்னும் இறுக்கினார். கைக்குள்ள நெட்டையோட முனை குத்துச்சு.

"டீச்சர் இனிமே அயர்ன் தர மாட்டாங்கல்லங்ணா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்."

"உங்களை மாதிரி இருக்கணுங்ணா. எட்டு மாசம் அயர்னைத் தொடாம, ஒரு வார்த்தை முகம் கோணாம தூசி தட்டுறீங்க. வந்த நாள்ல இருந்து பாக்கறேன். உங்க பொறுமையைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குங்ணா."

குணசீலனுக்கு டீ குடிக்கணும் போல இருந்துச்சு. தூக்கை எடுக்கக் கையைத் திறக்கணும். திறக்க முடியல.

ஜெசிந்தா வந்தாங்க. கையில கரண்டி இல்ல, முந்தானையில ஈரம் இல்ல. குக்கர் விசில் எதுவும் குணசீலன் காதுல விழல. குரு பொய் சொல்லக் கூடாதுன்னும் சட்டம் இல்ல போல.

"கழட்டியாச்சுங்களாண்ணா?"

பார்கவி எழுந்துச்சு. "டீச்சர், என் தப்புதானுங்க. நான்தான் ஈயம்..."

"நீ இரும்மா" அப்படின்னார் குணசீலன்.

கையைத் திறந்தார். உள்ளங்கையில நெட்டையோட முனை சிவப்பா ஒரு புள்ளி வச்சிருந்துச்சு. அதை எடுத்துக் கோலத்துல குட்டையோட இடத்துல வச்சார்.

"இதுல இருந்துச்சுங்க."

ஜெசிந்தா பாத்தாங்க.

"மூடினது யாருங்ணா?"

"நான்தான். கோலத்தை அள்ளிட்டேன். ஓட்டியும் பாக்கல. இந்தப் பொண்ணு வச்ச ஈயத்துல ஒரு குறையும் இல்லைங்க." கோலத்தாளை நேரா நகர்த்தி வச்சார். "கொஞ்ச முன்னாடி நான் உங்ககிட்டச் சொன்னதெல்லாம்..."

"என்ன சொன்னீங்க? எனக்கு மறந்துருச்சே. ஏதோ பத்த வைக்கணும்னு வந்தீங்க, அது மட்டும் ஞாபகம் இருக்கு."

ஸ்டேண்டுல இருந்து அயர்னை எடுத்து, காம்பு அவர் பக்கமா இருக்க நீட்டினாங்க.

"இந்தாங்க. பத்த வைங்க."

"டீச்சர்!" அப்படின்னுச்சு பார்கவி, முகமெல்லாம் சிரிப்பா. "அண்ணனுக்குக் குடுத்துட்டீங்ளா!" அந்தப் பொண்ணுக்கு அந்த வார்த்தையோட மூணாவது வேலை ஞாபகம் வரல. குணசீலனுக்குக் காது மடல் ரெண்டும் சுட்டுச்சு.

"போர்டை ஓட்டை போட்டவன் கையிலங்களா?"

"ஓட்டை எங்கன்னு உங்களுக்குத்தாங்ணா தெரியும்."

அறுந்த கோட்டுக்கு மேல செம்புக் கம்பி ஒண்ணை வச்சு, ரெண்டு முனையிலயும் பத்த வைக்கணும். கம்பி கொசுக் கால் தடிமன். குணசீலன் உக்காந்தார். மொத தடவை ஈயம் பொத்துன்னு விழுந்து கம்பியையே மூடிருச்சு. டிவிக் கை. ரெண்டாவது தடவை கம்பி உருண்டு எங்கயோ போயிருச்சு.

"அண்ணா, மூச்சைப் பிடிச்சுக்கங்க" அப்படின்னுச்சு பார்கவி, பக்கத்துல குனிஞ்சு. "பட்டறையில இந்த நேரத்துல மூச்சு விட்டா திட்டு விழும். பொடி பறந்துரும்."

"எனக்குத் தெரியும்."

"சரிங்ணா."

மூச்சைப் பிடிச்சார். கம்பி ஆடுச்சு. தலையைத் திருப்பாம சொன்னார்.

"அந்தச் சாமணத்தை எடுத்துட்டு வா. ஒரு பக்கம் பிடி."

பார்கவி துணிப் பையில இருந்து சாமணத்தை எடுத்துச்சு. கம்பியோட ஒரு முனையைப் பிடிச்சுச்சு. ஆட்டமே இல்ல. கல்லுல செதுக்கின கை. அதைப் பாத்ததும் குணசீலனுக்கு வயித்துல மறுபடியும் எரிஞ்சுச்சு. அந்த எரிச்சலோடயே ஒரு முனையில ஈயத்தைத் தொட்டார். பிடிச்சுச்சு. ரெண்டாவது முனையில தொட்டார். அதுவும் பிடிச்சுச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மூச்சை விட்டாங்க.

ஜெசிந்தா லென்ஸ்ல குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாங்க.

குணசீலன் காதைத் தீட்டிக்கிட்டு நின்னார்.

"சரிங்ணா" அப்படின்னாங்க.

குணசீலன் கோலத்தைப் பாத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் விரல்ல நிறுத்தி அளந்து, மூடினார். ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னது டீச்சர். அவர் மூணு மணி நேரம் ஓட்டினார். எதிர்ல நாக்காலி போட்டு, கையைக் கட்டிக்கிட்டு, யாரும் ஆடாத புட்பால் மைதானத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தார்.

அஞ்சு மணிக்குத் தெய்வநாயகம் வந்தார். டிவியில படத்தைப் பாத்ததும் செருப்பைக் கழட்ட மறந்துட்டு உள்ளயே வந்துட்டார்.

"அப்பாடா. போன தடவை என்னதான் ஆச்சு? யாருங்க பத்த வச்சது?"

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் பாத்தாங்க. பார்கவி குணசீலனைப் பாத்துச்சு.

"இந்தப் பொண்ணு பத்த வச்சது அப்படியே இருக்குங்க சார். மூடுறப்ப நான் ஸ்க்ரூவை மாத்திப் போட்டு உள்ள அறுத்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு தடவை பத்த வச்சதும் நான்தான்."

"ரெண்டு தடவையா?"

"மொதத் தடவை அயர்ன் இல்லாம. அது பிடிக்கலைங்க."

பெரியவருக்குப் பாதிதான் புரிஞ்சுச்சு. பொட்டியைத் துண்டுல சுத்திக் குழந்தை மாதிரி தோள்ல சாச்சுக்கிட்டார். "நாளைக்கு மட்டும் எம்பையன் கோல் போட்டான்னா உங்க மேலதான் கேஸ் போடுவேன்" அப்படின்னு சொல்லிட்டுப் படியிறங்கினார்.

பார்கவியும் பஸ்ஸுக்குக் கிளம்புச்சு. போறப்ப சாமணத்தை எடுத்துக்கல. மேஜை மேல, அயர்ன் பக்கத்துலயே வச்சுட்டுப் போச்சு.

ஹால்ல குருவும் சிஷ்யனும் மட்டும். ஜெசிந்தா கோலத்தாளை மடிச்சுட்டு இருந்தாங்க. குணசீலன் இன்னும் அணைக்காத அயர்னோட முனையை ஈர ஸ்பாஞ்சுல துடைச்சார். சுர்ருன்னுச்சு.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்ணா."

"எட்டு மாசமா, சூடு ஆறட்டும், சூடு ஆறட்டும்னு சொன்னீங்க. அது இந்த அயர்ன் சூடு இல்லைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

ஜெசிந்தா தாளை மடிக்கிறதை நிறுத்தல.

"ஆனா எனக்கு ஆறலைங்களே. உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் பொண்ணு கையைப் பாக்குறப்ப இப்பவும் இங்க எரியுது." சொல்லிக்கிட்டே அயர்ன் பிடிச்ச கையை ஆட்டி வயித்தைக் காட்டினார், பார்கவி போன வாசலைக் காட்டினார், மறுபடி வயித்தைக் காட்டினார். "நாளைக்கும் எரியும். இப்படி இருக்கறப்ப ஏன் என் கையில இதைக் குடுத்தீங்க?"

ஜெசிந்தா ரெண்டடி பின்னாடி நகர்ந்து நின்னாங்க. அயர்ன் முனை அவங்க முழங்கைக்கு ஒரு சாண் தூரத்துல ஆடிட்டு இருந்துச்சு.

"ஆறிப் போன அயர்ன்ல எதுவும் ஒட்டாதுங்ணா" அப்படின்னாங்க. "மொதல்ல அதை ஸ்டேண்டுல வச்சுட்டுப் பேசுங்க."